சீட்டாட்டமும் சிநேகிதமும்

நம் கல்லூரியின் விழாவை ஒட்டிப் பழைய மாணவர் ஒன்றுகூடும் நாளில், பேச்சும் பாட்டும் பரிசளிப்பும் நிறைவெய்திய பின்னர், மண்டபத்தின் பின்புறத்தே பத்துப் பன்னிரண்டு மேசைகளை இட்டு முந்நூற்று நான்கு ஆட்டப் போட்டி ஒன்றை நடத்துதல் வேண்டுமென விழாக் குழுவினருட் சிலர் விரும்பினர். விரும்பியோர் பெரும்பாலும் கடல் கடந்து வாழ்வோர். மறுத்தோர் பெரும்பாலும் இங்கிருப்போர். அவருள்ளும் ஆசிரியரே பலர். "கலைமகள் வீற்றிருக்கும் இடத்திற் சூதாட்டமா?" என்றார் ஒருவர். "விடுதி மாணவரைச் சீட்டாடியமைக்காக முழங்காலில் நிறுத்திய நாமே இன்று மேசை போட்டுக் கொடுப்பதா?" என்றார் மற்றொருவர். கூட்டம் முடிவொன்றும் இன்றித் தேநீரோடு கலைந்தது.

அன்று வாய் திறவாது இருந்தோருள் யாமும் ஒருவேம். கூட்டத்திற் சொல்ல வேண்டியதைச் சொல்லாது வந்து, இரவிற் பாயிற் கிடந்து சொல்லிப் பார்க்கும் பழக்கம் எமக்கு நெடுநாளாக உண்டு. அங்ஙனம் சொல்லிப் பார்த்தவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். போட்டி நடத்தலாம் என்பதே எம் கருத்து. ஆயினும் அதனை விரும்பியோர் கூறிய காரணங்கள் எம் காரணங்கள் அல்ல. அவர்கள் கேட்டபடியே நடத்தலாமென்றும் யாம் கூறவில்லை.

மறுத்தோர் கூற்றை எளிதிற் தள்ளுதல் தகாது. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது 94ஆவது, கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் நிற்பது. அவ்வரிசையைக் கண்டு நகைக்காத மாணவன் எம் வகுப்பில் இதுவரை இருந்ததில்லை. நளன் நாடிழந்த கதையையும் தருமன் தம்பியரை இழந்த கதையையும் ஆண்டுதோறும் படிப்பிக்கும் வாயாலேயே சீட்டாட்டத்துக்குப் பரிந்து பேசுதல் எமக்கும் கூச்சந் தருவதே.

எனினும் அக்கதையைச் சற்று நின்று நோக்குக. தருமன் கெட்டது காய் உருட்டியதனாலன்று, பணயம் வைத்ததனாலே. அன்றியும், அவ்வவையில் நிகழ்ந்த வேறொன்றனை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பணயம் வைத்தவன் துரியோதனன்; காய் உருட்டியவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுதல் முறையன்றே எனத் தருமன் தொடக்கத்திலேயே கூறினான். கூறிய பின்னும் அதனைத் தீர்த்துக்கொள்ளாது ஆடத் தொடங்கினான். ஆட்டத்தின் விதி இன்னதென்று இரு பக்கத்தாரும் ஒப்புக்கொள்ளாத இடத்தில் ஆட்டம் தொடங்கியது. பின்னர் நிகழ்ந்தன யாவரும் அறிவர். ஆகவே அச்சபையில் இருந்த குற்றம் இரண்டு: ஒன்று பணயம், மற்றொன்று தீர்க்கப்படாத விதி. நம் பெரியோர் முன்னதைப் பற்றி நிரம்பப் பேசினர். பின்னதைப் பற்றிப் பேசினோர் குறைவு. எம் அனுபவத்திலோ, வீட்டில் நண்பர் கூடி ஆடுமிடத்து, நட்பைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னதே.

முந்நூற்று நான்கை அறியாத இளையோரும் இக்காலத்து உளர். அவர்பொருட்டுச் சிறிது விரிப்போம். ஒரு கட்டிலுள்ள 52 சீட்டுக்களுள் இரண்டு முதல் ஆறு வரையுள்ளனவற்றை நீக்கினால் இனத்துக்கு எட்டாக 32 எஞ்சும். அவற்றுள் ஜாக்குக்கே முதலிடம். அதன் பெறுமதி 30. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. பின்னர் ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2. எட்டும் ஏழும் வெறுஞ் சீட்டுக்கள். கூட்டிப் பார்த்தால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர் வந்த வழி இதுவே. சேவகன் அரசனிலும் பத்து மடங்கு பெறுமதி பெறும் இவ்வாட்டம், குடியாட்சி இந்நாட்டுக்கு வருமுன்னரே வந்துவிட்டது போலும்!

எங்கிருந்து வந்தது என்பார்க்குச் சிறு குறிப்பு. இஸ்கோப்பன், கிளாவர் என நம் பாட்டனார் வழங்கிய பெயர்கள் ஒல்லாந்தர் மொழிச் சொற்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்த அவ்வொல்லாந்தர், கோட்டையையும் சட்டத்தையும் மட்டுமன்றிச் சீட்டின் பெயர்களையும் நமக்கு விட்டுச் சென்றனர். சிங்கள மக்கள் வழங்கும் பெயர்களும் அவ்வழி வந்தனவே. ஒல்லாந்து நாட்டில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்திலும், துரும்பினத்தில் ஜாக்கும் ஒன்பதுமே ஆசை மிஞ்சி நிற்கும். மலையாள நாட்டார் இருபத்தெட்டு என்னும் பெயரில் ஆடுவதும் இக்குடும்பத்ததே. அங்கு ஜாக்கு 3, ஒன்பது 2, ஆசும் பத்தும் ஒவ்வொன்று, ஆக இனத்துக்கு ஏழு. நம்மவர் எண்களைப் பெருக்கி வைத்துக் கணக்குப் பார்ப்பதில் இன்பங் கண்டனர்போலும். எழுத்தறியாத எம் பேர்த்தியார், கடைசிப் பிடி விழுமுன்னரே எந்தப் பக்கம் எத்தனை புள்ளி என்று கூறுவார். ஒருநாளும் அவர் கணக்குப் பிசகியதில்லை.

ஆடும் முறை இது. நால்வர் இருப்பர், எதிரெதிர் இருப்போர் ஓர் இணை. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுப் பகிரப்படும். அந்நான்கை மட்டும் கண்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டல் வேண்டும். குறைந்த கேள்வி 160. மொத்தத்திற் பாதி 152 அன்றோ? ஆகவே தன் கையிற் பாதியையே கண்டவன், முழுமையிற் பாதிக்கு மேல் எடுப்பேன் என வாக்குக் கொடுக்கின்றான். மிகுதியாகக் கேட்டவன் தன் சீட்டொன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பான். அதன் பின்னரே மற்றை நான்கும் பகிரப்படும். வேண்டுவோர் 250இலிருந்து மறுபடி கேட்கலாம். ஆட்டந் தொடங்கிய பின், இறக்கிய இனம் கையில் இல்லாதவன் தன் சீட்டைக் கவிழ்த்துப் போடுவான். கேட்டவன் அதனை எடுத்துப் பார்த்து, துரும்பாயின் திறப்பான், அன்றாயின் மூடியபடியே விடுவான். எதிரி தன்னை வெட்டினானா இல்லையா என்பதை முதலில் அறிபவன் கேட்டவனே. அவன் பொய் கூறினால் அப்போது மறுப்பார் இல்லை. அவன் கூற்றை ஏற்று மற்றை மூவரும் ஆடுகின்றனர். இவ்வாட்டம் நம்பிக்கையின் மேல் நிற்பது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

காசு இவ்வாட்டத்துக்கு வேண்டுவதில்லை என்பதையும் இவ்விடத்தே கூறிவிடுவோம். எம் வீட்டிற் புளியங்கொட்டை வைத்து எண்ணினோம். 200க்குக் குறைந்த கேள்வியை வென்றால் ஒரு கொட்டை, தோற்றால் இரண்டு. கொட்டை தீர்ந்த இணையினர் காதிற் பூவரசங்குழை செருகிக்கொண்டு மறு ஆட்டம் முடியும்வரை இருத்தல் வேண்டும். எம் சிறிய தந்தையார் ஒருவர் கிராமசபைப் பதவியினர். குழை செருகிய காதோடு அவர் இருக்கையில் அலுவல் பற்றி ஒருவர் வந்துவிட, அவர் குழையை எடுக்காமலே உரையாடியமையை எம் ஊரார் பல ஆண்டு பேசினர். அதனினும் பெரிய பணயம் எம் ஆட்டத்துக்குத் தேவைப்பட்டதில்லை.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம். முந்நூற்று நான்குக்கு எழுதி வைத்த நூல் நம் வீடுகளில் இருந்ததில்லை; வாயாற் கேட்டுக் கையாற் பழகியதே. ஆதலால் ஊருக்கு ஊர், ஏன், ஒழுங்கைக்கு ஒழுங்கை முறை மாறும். முதல் நான்கு சீட்டிலும் 15 புள்ளி தேறாவிடின் மறுபடி கலைக்கச் சொல்லலாம் என்பர் சிலர்; வந்ததை வைத்து ஆடு என்பர் சிலர். தன் இணை கேட்ட பின் அவனுக்கு மேலே கேட்பதாயின் 200இலேனும் தொடங்குக என்பது ஒரு வீட்டு முறை. இணைக்கு மேலே கேட்டலே தகாது என்பது மற்றொரு வீட்டு முறை. அறுவர் கூடினால் ஆறுகளையும் சேர்த்து 36 சீட்டாக்கி ஆளுக்கு ஆறு பகிர்வர். இருமுதல், காதைத் தொடுதல், பெருமூச்சு விடுதல் ஆகிய சைகைகளை மன்னிக்கும் வீடும் உண்டு. ஆட்டத்தையே கலைக்கும் வீடும் உண்டு. எம் மாமனார் ஒருவருக்குக் கையில் ஜாக்கு வந்தபோதெல்லாம் தடிமன் பிடிக்கும். அவரை யாம் மன்னித்தோம்.

இவ்வேறுபாடுகளுள் ஒன்று எமக்குச் செய்ததை இங்கு மறையாது கூறுதல் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த போது யாமும் தென்மராட்சிக்குச் சென்றோம். கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு வீட்டில் ஏழு குடும்பங்கள் இருந்தன. எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவரின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அவர் ஊர் வேறு, எம் ஊர் வேறு. பள்ளியில்லை, மின்சாரம் பல ஆண்டாகவே இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் துளி வெளிச்சத்தில், யாரோ எடுத்து வந்த குறைந்த கட்டொன்றை வைத்துக்கொண்டு இரவுதோறும் ஆடினோம். அதில் மூன்றுகளும் ஐந்துகளும் பல காணாமற் போயிருந்தன. முந்நூற்று நான்குக்கு அவை வேண்டாமையால் அக்குறை எமக்குத் தெரியவில்லை. பகலிற் தண்ணீருக்கும் விறகுக்கும் அலைந்த நாம், இரவில் அரசரும் சேவகருமாக வாழ்ந்தோம்.

ஓர் இரவு நண்பர் 250 கேட்டுத் துரும்பு கவிழ்த்தார். மூன்றாவது பிடியை எடுத்தவர், கவிழ்த்த சீட்டு மூடியிருக்கையிலேயே தம் கையிலிருந்து மற்றொரு துரும்பை இறக்கினார். எம் வீட்டு முறையில் அஃது ஆகாது. துரும்பு திறக்கப்படும் வரை, கையில் வேறினம் இருக்கும் வரை, கேட்டவன் துரும்பிறக்குதல் கூடாது. "அளாப்பி!" என்றோம். அளாப்புதல் என்பது விளையாட்டிற் கள்ளஞ் செய்தல். நம் பகுதிச் சிறுவருக்கு அதனினும் பெரிய வசை இல்லை. அவர் சீட்டை நிலத்தில் எறிந்து எம் ஊராரைப் பழித்து ஒரு சொல் சொன்னார். யாம் அவர் தந்தையாரைப் பற்றி ஒரு சொல் சொன்னோம். அவர் தந்தையார் இடம்பெயர்ந்த அன்று பின்தங்கியவர். அந்நாள்வரை வந்து சேராதவர். யாம் சொன்ன சொல்லை இங்கு எழுதோம். விளக்கைச் சுற்றியிருந்தோர் யாவரும் அதனைக் கேட்டனர். திரைக்கு அப்பாற் படுத்திருந்த அவர் தாயாரும் கேட்டார்.

தந்தையார் நான்கு நாளின் பின் வந்து சேர்ந்தார். மறுவாரம் அக்குடும்பம் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போயிற்று. யாம் படலைவரை சென்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. ஆசிரிய பயிற்சி பெற்ற காலத்தில், அந்நண்பரின் ஊரவரான ஒருவரோடு ஒரு மாலை ஆட நேர்ந்தது. அவரும் துரும்பு மூடியிருக்கையிலேயே துரும்பிறக்கினார். "இஃது உங்கள் ஊர் முறையா?" என்று கேட்டோம். "எங்கள் பகுதியில் எல்லாரும் இப்படித்தானே, வேறு முறையும் உண்டோ?" என வியந்தார் அவர். யாம் கையிலிருந்த எட்டுச் சீட்டையும் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றோம். நண்பர் அளாப்பவில்லை. அவர் தம் ஊர் முறைப்படி ஆடினார். யாம் எம் ஊர் முறைப்படி பழித்தோம். சீட்டுப் பகிருமுன் ஒரு வினா கேட்டிருந்தால் அவ்விரவு அங்ஙனம் முடிந்திராது. ஏழு குடும்பங்கள் ஒரு கூரையின் கீழ் இருக்கையில், அடுப்பு எவருக்கு எந்நேரம் என்பதைக்கூடப் பேசித் தீர்த்துக்கொண்ட நாம், ஆட்டத்தின் விதியைப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒரேவிதமாகவே ஆடுவர் என்று நம்பியிருந்தோம்.

கடல் கடந்த பழைய மாணவர் சிலர் அங்கு நண்பர் வீடுகளிற் போக்கர் ஆடுகின்றனர் என்றும், விழாவில் அதற்கும் ஒரு மேசை வேண்டுமென்றும் கூறினர். அது பற்றியும் எம் கருத்தைக் கூறுதல் கடன். அதனை யாம் இழிந்த ஆட்டமென்று கூறோம். அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி ஆற்றங்கரைகளில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் தோன்றி, முதலில் 20 சீட்டோடு ஆடப்பட்டு, பின்னர் 52க்கு வளர்ந்தது அது. அதன் அமைப்பிற் கணித அழகு உண்டு. 52 சீட்டிலிருந்து ஐந்தைச் சேர்க்கும் வழிகள் 25,98,960. அவற்றுள் எச்சேர்க்கை அரிதோ அதுவே மேலானது என்பதே அதன் வரிசை முறை. ஐந்தும் ஓரினமாக வருவது 5,108 வழி. ஐந்தும் தொடரெண்ணாக வருவது 10,200 வழி. ஆதலால் ஓரினம் தொடரை வெல்லும். ஆசை ஒன்றாக எண்ணி ஆசு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பதைத் தொடராகக் கொள்வதா என்பது அங்கும் வீட்டுக்கு வீடு மாறுமாம். ஜோக்கரை எச்சீட்டாகவும் கொள்ளலாம் என்று ஒரு வீட்டார் சேர்த்துவிட்டாலோ கணக்கே கவிழ்ந்துவிடும். மூன்று ஒத்த சீட்டு வருதல் இரண்டு சோடி வருதலினும் மலிந்துபோக, அரியது மேலானது என்னும் அடிப்படை பொய்த்துவிடும். நண்பர் மகிழ்ச்சிக்காகச் சேர்த்த ஒரு சீட்டு ஆட்டத்தின் நியாயத்தையே மாற்றிவிடுதல் நோக்கற்பாலது.

பகிர்பவன் விரும்பிய வகையை அவ்வாட்டத்துக்கு விதியாக அறிவிக்கலாம் என்னும் வழக்கும் அவ்வீடுகளில் உண்டு. ஐந்து சீட்டும் மறைத்து வேண்டாதவற்றை மாற்றிக்கொள்ளும் பழைய வகையையோ, இரண்டு மறைத்து ஐந்தைப் பொதுவில் வைக்கும் டெக்சாஸ் வகையையோ அவன் கூறலாம். ஆனால் பகிருமுன் கூறல் வேண்டும். பகிர்ந்த பின் மாற்றலாகாது. இந்த ஒரு வழக்கை முந்நூற்று நான்குக்கு நாம் கடன் வாங்கியிருந்தால் எம் நண்பரை இழந்திரோம். நல்லது எங்கிருப்பினும் கொள்ளத் தக்கதே.

எனினும் விழாவிற் போக்கர் மேசை வேண்டா என்பதே எம் தீர்ப்பு. காரணம் அஃது அந்நிய ஆட்டம் என்பதன்று. முந்நூற்று நான்கும் ஒருகால் அந்நியமாய் இருந்ததே. பணயமின்றி அவ்வாட்டம் நில்லாது என்பதே காரணம். முந்நூற்று நான்கிற் கேள்வி என்பது வாக்கு. போக்கரிற் பணயமே பேச்சு. கையில் ஒன்றுமில்லாதவன் பெரும் பணயம் வைத்து மற்றவரை அஞ்சுவித்து எழுப்புதல் அதில் ஒரு கலை. இழப்பதற்கு ஒன்றும் இல்லையாயின் அஞ்சுவாரும் இல்லை. எல்லாரும் கடைசிவரை இருந்து சீட்டைப் பார்த்துவிட்டுப் போவர். காசில்லாப் போக்கர் உப்பில்லாக் கூழ். ஆகவே அதனை ஆடுவோர் மெல்ல மெல்ல உப்பைச் சேர்ப்பர். சேர்த்த உப்பு என்றும் போதாது.

தம் வீட்டில் ஆடுவோரை யாம் தடுக்க வல்லோமல்லோம். அவர்க்கு ஒன்று சொல்வோம்: ஆட்டந் தொடங்கும்போது ஒருவன் மேசைமேல் வைத்ததற்கு மிகுதியாக அவ்வாட்டத்திற் பணயம் வைக்கவோ, இழக்கவோ கூடாது என்னும் பழைய விதி அவ்வாட்டத்திலேயே உண்டு. அதனை இறுகப் பிடித்துக்கொள்க. அன்றிரவு முழுவதற்கும் அதுவே எல்லை என்று மேலும் ஒன்றை வீட்டு விதியாகச் சேர்த்துக்கொள்க. சட்டைப்பைக்கும் வங்கிக்கும் கை போகாதவரை நண்பர் நண்பராக வீடு திரும்புவர். தருமனுக்கு இவ்விதி இருந்திருப்பின் பாரதமே இல்லை. எமக்கு வகுப்பிற் படிப்பிக்கப் பாடமும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடத்திற் பணயம் வைத்து ஆடுதலைக் குற்றமாக்கியது. புளியங்கொட்டையைப் பற்றி அது கவலைப்படவில்லை.

"மாணவர் கண்டு கெடுவர்" என்னும் அச்சமே மறுத்தோரின் வலிய படைக்கலம். அதற்கு விடையாக எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தனியார் வகுப்புக்கென்று தாயார் கொடுத்த மூன்று மாதப் பணத்தைக் கைப்பேசியிற் சீட்டாடி இழந்தான். சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. அவனை அழைத்துக் கேட்டோம். எவரோடு ஆடினாய் என்றோம், தெரியாது என்றான். எத்தனை பேர் என்றோம், தெரியாது என்றான். தோற்றால் எவ்வளவு போகும், எப்போது நிறுத்தலாம் என்பனவற்றை ஆடுமுன் வாசித்தாயா என்றோம். "ஆங்கிலத்தில் நிறைய இருந்தது சேர், ஓம் என்று அழுத்தினேன்" என்றான். முகமில்லாதவரோடு, படிக்காத விதிப்படி, தனியே ஓர் அறையில், இரவு இரண்டு மணிக்கு ஆடியிருக்கின்றான்.

முந்நூற்று நான்கு தெரியுமா என்று அவனைக் கேட்டோம். அப்பாவுக்குத் தெரியும், தனக்கு ஒருவரும் பழக்கவில்லை என்றான். எமக்கு அச்சொல் சுருக்கென்றது. விடுதியிற் சீட்டுக் கட்டைப் பறித்து எரித்த நாம், அதனிடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. வைக்காத இடத்துக்கு வேறொன்று வந்து அமர்ந்துவிட்டது. நால்வர் எதிரெதிர் இருந்து, தோற்றவன் காதிற் குழை செருகி, வென்றவனும் கூடச் சிரித்து எழும் ஓர் ஆட்டத்தைக் கண்ட பிள்ளைக்கு, அக்கைப்பேசி ஆட்டத்தின் வெறுமை சற்றேனும் தெரியும் என்று நம்புகின்றோம். தெரியாமற் போகவும் கூடும். ஆசிரியத் தொழிலில் உறுதி கூறத் தக்கன மிகச் சிலவே. ஆயினும் பறித்து எரித்ததனால் விளைந்த பயனை நாம் கண்டுவிட்டோம்.

ஆதலின் விழாக் குழுவினர்க்கு யாம் வேண்டுவது இது. போட்டியை நடத்துக, மண்டபத்தின் பின்புறத்திலன்று, முன் விறாந்தையிலேயே நடத்துக, மறைத்து நடத்துவதே தவறெனத் தோன்றும். காசும் பரிசுப் பணமும் வேண்டா. தோற்ற இணையினர்க்குப் பூவரசங்குழையே போதும், கல்லூரி வேலியில் வேண்டியமட்டும் உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பழைய மாணவரும் ஒரு ஆசிரியரும் இரு மாணவரும் இருப்பாராக, இணைகளை அங்ஙனம் கலந்து வைப்பின், மாணவன் தன் ஆசிரியரைப் பார்த்து "ஏன் சேர் அந்தப் பத்தைப் போட்டீர்கள்?" என்று கேட்கும் அரிய வாய்ப்பும் பெறுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊர் முறையில் ஆடுவது என்பதைப் போட்டி நாளுக்கு முன்னரே தெளிந்து ஒரு தாளில் எழுதி மேசைதோறும் வைக்குக. 15 புள்ளிக்குக் கலைப்பதா, இணைக்கு மேல் எவ்வளவிற் கேட்பது, மூடிய துரும்பினத்தை இறக்கலாமா, இருமலுக்குத் தண்டனை என்ன என்பன அத்தாளில் இருத்தல் வேண்டும். எந்த முறையைத் தெரிகின்றனர் என்பது எமக்குப் பெரிதன்று. எம் ஊர் முறை தோற்பினும் வருந்தோம்.

அத்தாளை எழுதும் பணியைக் குழுவினர் எமக்குத் தரின் மகிழ்வோம். ஆனால் தனியே எழுதோம். கிளாலி கடந்து போன அந்நண்பர் இப்போது கனடாவில் வாழ்கின்றார். சென்ற ஆண்டு, மற்றொரு பழைய மாணவர் வாயிலாக முகவரி பெற்று, யாம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். துரும்பைப் பற்றி ஒரு பக்கமும், அவர் தந்தையாரைப் பற்றி நாங்கள் சொன்ன சொல்லைப் பற்றி மூன்று பக்கமும் எழுதினோம். மூன்று மாதம் விடை வரவில்லை. பின்னர் வந்தது. தந்தையார் காலமாகி ஒன்பது ஆண்டு என்றும், தாயார் இருக்கின்றார் என்றும், அக்கடிதத்தைத் தாயாருக்கு வாசித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். தாயார் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. விழாவுக்குத் தாயாரையும் அழைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தார். கடைசி வரி இது: "மேசை போட விடாவிட்டால் உன் வீட்டுத் திண்ணையில் இருப்போம், மச்சான், இந்த முறை உன் ஊர்ச் சட்டத்தை நீ முதலிற் சொல்."

திண்ணையைக் கூட்டி வைத்திருக்கின்றோம்.